ஒரு கிட்டாரும் 18 கோடி டாலரும்: சமூக ஊடக நற்பெயர் ஆய்வில் ஒரு மேற்கோளின் வலு

ஒரு பாடகர் யூடியூபில் இட்ட பாட்டு யுனைடெட் ஏர்லைன்ஸின் பங்கு விலையை நான்கே நாளில் 10 சதவீதம் வீழ்த்திப் பங்குதாரர்களுக்கு 18 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது என்ற கூற்று, சமூக ஊடக நற்பெயர் மேலாண்மை பற்றிய எழுத்துகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. சமூக ஊடகக் கண்காணிப்புக்கு நிறுவனங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதிடுவோருக்கு இது கைக்கு எட்டிய சான்று. அந்தச் சான்று நிற்காது. அதில் உள்ள இரண்டு எண்களுமே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தவறு எண்ணோடு நின்றிருந்தால் ஒரு திருத்தக் குறிப்பே போதும். அந்த எண்ணை நம்பி, நற்பெயர் எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்பது பற்றி ஒரு கோட்பாடே எழுப்பப்பட்டிருப்பதால் அதை விரிவாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

நிகழ்வின் விவரங்களில் பெரிய சர்ச்சை இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த இசைக்கலைஞர் டேவ் கேரல், 2008 மார்ச் 31 அன்று தம் குழுவினருடன் சிகாகோ வழியாக ஒமாஹாவுக்குப் பயணம் செய்தார். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் சுமை ஊழியர்கள் கிட்டார்களைத் தூக்கி எறிவதைச் சக பயணி ஒருவர் பார்த்துச் சொன்னார். 3,500 டாலர் மதிப்புள்ள டெய்லர் கிட்டார் உடைந்திருந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் முறையாகக் கோரிக்கை தரவில்லை என்று நிறுவனம் இழப்பீடு மறுத்தது. ஒன்பது மாதம் அலைந்த பிறகு கேரல் பாட்டு எழுதினார். 2009 ஜூலை 6 அன்று அது யூடியூபில் ஏறியது. அதன் பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டதும், கேரலின் யோசனைப்படி தெலோனியஸ் மங்க் ஜாஸ் இசைக் கழகத்துக்கு 3,000 டாலர் நன்கொடை அளித்ததும் எல்லோரும் அறிந்தவை.

18 கோடி டாலர் என்ற எண் லண்டன் டைம்ஸ் நாளிதழில் அதே மாதம் 22ஆம் நாள் வெளியான ஒரு பத்தி மூலம் பரவியது. பாட்டு வெளியான நான்கு நாளுக்குள் பங்கு 10 சதவீதம் சரிந்தது என்றும், இழந்த தொகையில் கேரலுக்கு 51,000க்கும் மேற்பட்ட புதுக் கிட்டார்கள் வாங்கித் தந்திருக்கலாம் என்றும் அந்தப் பத்தி கூறியது. சுவைக்காக எழுதப்பட்ட பத்தி அது, கணக்கறிக்கையாக எழுதப்படவில்லை. பத்தியாளரைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டதுதான் குறை.

சோதனை எளிது. 10 சதவீதம் 18 கோடி டாலர் என்றால், நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 180 கோடி டாலராக இருந்திருக்க வேண்டும். ஜூலை 6 அன்று தாய் நிறுவனமான யுஏஎல் கார்ப்பரேஷனின் பங்கு 3.31 டாலரில் தொடங்கியது. அந்த விலையில் 180 கோடி டாலர் மதிப்பு வர 54 கோடிப் பங்குகள் வேண்டும். அப்போது சந்தையில் இருந்தவை ஏறத்தாழ 14.5 கோடிப் பங்குகளே. அதாவது நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பே 50 கோடி டாலரை எட்டவில்லை. 18 கோடி டாலர் உண்மையிலேயே அழிந்திருந்தால் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்து 2 டாலரை ஒட்டி வந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜூலை 10 அன்று வணிக நேரத்துக்குள் தொட்ட மிகக் குறைந்த விலை 3.07 டாலர். தொடக்க விலையிலிருந்து அடிமட்டம் வரை அளந்தாலும், அதாவது கூற்றுக்கு மிகச் சாதகமாக அளந்தாலும், சரிவு 7.25 சதவீதம்; தொகை சுமார் 3.5 கோடி டாலர். புழக்கத்தில் உள்ள எண்ணில் இது ஐந்தில் ஒரு பங்கு.

அந்த 3.5 கோடியையும் பாட்டின் கணக்கில் எழுத முடியுமா என்பது அடுத்த கேள்வி. நிதியியலில் ஒரு நிகழ்வின் விளைவை அளக்க விரும்புவோர் முதலில் பொதுச் சந்தையின் அசைவைக் கழிப்பார்கள். அந்த வாரத்தில் எஸ் அண்டு பி 500 குறியீடும் இறங்குமுகமாகவே இருந்தது. ஜூலை 10 அன்று 879இல் முடிந்தது, அந்தக் கோடையின் தாழ்நிலை அதுதான். யுஏஎல் தாழ்ந்ததும் அதே நாளில். அதன்பின் குறியீடு ஏறத் தொடங்கி ஆகஸ்ட் தொடக்கத்தில் 1,000ஐக் கடந்தது. யுஏஎல் பங்கும் கூடவே ஏறியது. ஆகஸ்ட் 6 அன்று 6 டாலரைத் தொட்டது. போதாக்குறைக்கு, ஜூன் இறுதியில்தான் நிறுவனம் விமான உதிரிப் பாகங்களை ஈடாக வைத்து 17.5 கோடி டாலர் கடன் பத்திரங்களை 12.75 சதவீத வட்டிக்கு விற்றிருந்தது. கையில் ரொக்கம் போதுமா என்ற கவலையில் இருந்த முதலீட்டாளர்கள் கிட்டாரைப் பற்றி எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பதை வாசகரே மதிப்பிடலாம்.

காணொளியின் பார்வை எண்ணிக்கை இன்னும் தெளிவான சாட்சி. முதல் நாளில் ஒன்றரை லட்சம், ஜூலை 9க்குள் ஐந்து லட்சம், ஆகஸ்ட் நடுவில் ஐம்பது லட்சம். பாட்டு பங்கை இழுத்தது என்றால், பார்வைகள் பத்து மடங்கு பெருகிய அந்த ஒரு மாதத்தில் விலை மேலும் தாழ்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. பாட்டினால் பங்கு உயர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு நாள் சரிவுக்கு மட்டும் பாட்டைக் காரணமாக்கி நான்கு வார ஏற்றத்தை விட்டுவிடுவது சான்றைப் பொறுக்கி எடுப்பதாகும்.

சந்தை முதலில் அஞ்சியது, பிறகு தெளிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு மாதத்தில் இருமடங்காகும் அளவுக்கு ஆடிய பங்கில் 7 சதவீத இறக்கம் வழக்கமான அலைவுதான். அதிலிருந்து அச்சத்தைப் படித்தெடுக்க வழியில்லை. இழப்பு என்பது பயணச்சீட்டு விற்பனையையும் சேர்த்த கணக்கு என்ற வாதமும் நிற்காது. பத்தி பேசியது பங்குதாரர் இழப்பை மட்டுமே. இவற்றில் மேலும் நேரம் செலவிடத் தேவையில்லை.

இணையத்தில் பரவும் ஒரு செய்தி இதே நிறுவனத்தின் பங்கை உண்மையாகவே அடித்து வீழ்த்தியதும் உண்டு. பாட்டுக்குப் பத்து மாதம் முன்பு, 2008 செப்டம்பர் 8 அன்று அது நடந்தது. யுனைடெட் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது பற்றிய பழைய செய்தி, ஃபுளோரிடா நாளிதழ் ஒன்றின் இணையதளத்தில் அதிகம் பார்க்கப்பட்டவற்றின் வரிசையில் தலைகாட்டியது. கூகுள் நியூஸ் அதைப் புதுச் செய்தியாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது ஒரு முதலீட்டுத் தகவல் நிறுவனத்தின் வழியாக ப்ளூம்பெர்க் திரைகளுக்குப் போயிற்று. 12 டாலருக்கு மேலிருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்கு விழுந்தது. வணிகம் நிறுத்தப்பட்டு, உண்மை தெரிந்து, நாள் முடிவில் 10.92 டாலரில் நின்றது. முந்தைய நாளைவிட 11 சதவீதம் குறைவு. இங்கே காரணமும் விளைவும் நிமிடக் கணக்கில் தொடர்கின்றன. செய்தி பொய்யாக இருந்தாலும் அது சொன்ன விஷயம் பங்குதாரரின் பணத்தை நேரடியாகத் தொடுவது. கிட்டார்ப் பாட்டு தொட்டது பயணிகளின் மனக்கசப்பை. ஒரே இணையம், ஒரே நிறுவனம். ஆனால் இரண்டும் சென்று சேர்ந்த இடங்கள் வேறு. நற்பெயர் ஆய்வுகள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டு வந்திருக்கின்றன.

2017 ஏப்ரல் 9 அன்று ஓஹேரிலேயே, லூயிவில் செல்லும் விமானத்திலிருந்து ஒரு பயணி இழுத்து வெளியேற்றப்பட்ட காட்சி உலகெங்கும் பரவியது. கிட்டார் உடைந்ததோடு ஒப்பிடவே முடியாத கொடுமை அது. அடுத்த வணிக நாளான திங்களன்று பங்கு சற்று உயர்ந்தது. செவ்வாயன்று ஒரு கட்டத்தில் சந்தை மதிப்பில் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்தது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. நாள் முடிவில் இறக்கம் 1.1 சதவீதம்தான். சில வாரங்களில் அதுவும் ஈடாகிவிட்டது. ஆயினும், இடமளிக்க முடியாத பயணிகளுக்குத் தரும் இழப்பீட்டின் உச்சவரம்பை நிறுவனம் 10,000 டாலராக உயர்த்தியது அந்த நிகழ்வுக்குப் பிறகுதான். விளைவு விலைப்பட்டியலில் தெரியவில்லை, விதிமுறையில் தெரிந்தது.

வணிக நற்பெயர் உண்மையில் எங்கே பணமாகிறது என்பதற்கு இதைவிட நம்பத்தக்க சான்று உண்டு. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வு, வாடிக்கையாளர்கள் கருத்தும் மதிப்பீடும் இடும் யெல்ப் தளத்தில் சியாட்டில் உணவகங்கள் பெற்ற நட்சத்திரங்களை வாஷிங்டன் மாநில வரித்துறையின் வருவாய்ப் பதிவுகளோடு இணைத்தது. அப்போது யெல்ப் தன் சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது: 3.24 சராசரி மூன்றாகவும் 3.26 மூன்றரையாகவும் தெரிந்தன. உணவின் தரத்தில் வேறுபாடு இல்லாத இரு கடைகள் திரையில் அரை நட்சத்திரம் வேறுபட்டன. அந்த இடைவெளியைக் கொண்டு அளந்தபோது, ஒரு நட்சத்திர உயர்வு வருவாயை 5 முதல் 9 சதவீதம் உயர்த்துவது தெரிந்தது. இதில் நற்பெயர் ஆய்வு தவறவிட்ட செய்தி வேறொன்று: இந்த விளைவு தனி உணவகங்களுக்கு மட்டுமே. பல ஊர்களில் ஒரே பெயரில் நடக்கும் சங்கிலி உணவகங்களின் வருவாய் நட்சத்திரங்களால் அசையவில்லை. அவற்றைப் பற்றி வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். புதிய கருத்து ஒன்று அதை மாற்றுவதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பை விமான நிறுவனத்துக்கு நீட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். உணவகமும் விமானமும் ஒரே சந்தையில் இல்லை. இருந்தும் தர்க்கம் பொருந்துகிறது. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனத்தை நாடும் பயணி கட்டணம், நேரம், தன் ஊரிலிருந்து நேரடிச் சேவை உண்டா என்பவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். ஓஹேர் போன்ற மையத்தில் அவருக்குக் கிடைக்கும் மாற்று வழிகளும் சிலவே. உலகமே அறிந்த பெயருக்கு இன்னொரு குறை சேர்வதால் அவர் நடத்தை மாறுவது அரிது. பெயர் தெரியாத சிறு கடைக்கோ ஒவ்வொரு கருத்தும் புதுத் தகவல். ஆகவே சமூக ஊடகத்தால் அதிகம் பாதிக்கப்படுவோர் பெருநிறுவனங்களே என்ற பரவலான அனுமானம் தலைகீழானது.

கெடுதலும் அந்தச் சிறு கடைகள் பக்கமே கூடுதலாகக் குவிகிறது. லூகாவும் ஜார்ஜியோஸ் ஸெர்வாஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் உணவகங்களுக்கு வந்த யெல்ப் கருத்துகளில் சுமார் 16 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று யெல்ப்பாலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. கருத்துகள் குறைவாக உள்ள கடைகளும் அண்மையில் கெட்ட பெயர் வாங்கிய கடைகளும் தமக்குத் தாமே போலிப் புகழுரை எழுதிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சங்கிலிக் கடைகளுக்கு அந்தத் தேவை குறைவு. போட்டிக் கடை பக்கத்தில் முளைத்தால் போலி வசைகளும் கூடுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென ஐஎஸ் 19000 தரத்தை வெளியிட்டதும், அமெரிக்க வணிக ஆணையம் போலிக் கருத்துகளைத் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. பெருநிறுவனங்களின் பங்கு விலையைக் காப்பதற்கு இவை எழவில்லை. தெருக்கோடிக் கடைக்காரரையும் அவரை நம்பி வருபவரையும் காப்பதற்கே.

கிட்டார் நிகழ்வுக்கு வணிகப் பாடத்தில் இடமில்லை என்பது இதன் முடிவாகாது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2010இலேயே அதைப் பாட வழக்காக வெளியிட்டது பொருத்தமே. பாட்டு பொதுப் பேச்சை மாற்றியது என்பதில் ஐயமில்லை. 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய விமானத் துறைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, இசைக்கருவிகளைப் பயணிகள் கைச்சுமையாகக் கொண்டுசெல்ல வழிவகுத்தது. அதற்கான விதி 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இசைக்கலைஞர் சங்கத்தின் முயற்சி பாட்டுக்கு முன்பிருந்தே நடந்துவந்ததால் முழுப் பெருமையையும் பாட்டுக்குத் தர இயலாது. சட்டம் பிறந்த சூழலில் அதற்குப் பங்கு இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

18 கோடி டாலர் கதை செய்த தீமை, கவனத்தைத் தவறான மேசைக்குத் திருப்பியது. அந்த எண்ணை நம்பிய நிறுவனங்கள் ட்விட்டரையும் யூடியூபையும் இரவு பகலாகக் கண்காணிக்கும் குழுக்களை அமைத்தன. புயல் கிளம்பும் முன் மன்னிப்பு வாசகம் தயாராக இருக்க வேண்டும் என்று பயிற்சி அளித்தன. கேரலின் குறை சமூக ஊடகத்தில் பிறக்கவில்லை. ஓஹேரில் அவர் உடனே மூன்று ஊழியர்களிடம் முறையிட்டார், ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. 24 மணி நேர விதி அதை மூடியது, 1,200 டாலர் முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஊழியர் கையிலும் இல்லாமை ஒன்பது மாதம் நீட்டியது. காணொளி வந்தபின் மன்னிப்புக்கு எடுத்த நாள்கள் மிகச் சில. கண்காணிப்புக் குழு எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அது தொடங்கும் இடம் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம்.

இந்த வழக்கைப் பாடமாக நடத்துவோர் 18 கோடி டாலரைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும். அந்த இடத்தில் 2009 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் யுஏஎல் விலையையும் எஸ் அண்டு பி குறியீட்டையும் ஒரே வரைபடத்தில் தரலாம். மாணவர்கள் ஆராய வேண்டியது, 2008 மார்ச்சுக்கும் 2009 ஜூலைக்கும் இடையே 1,200 டாலர் கோரிக்கை ஒன்று யார் யார் கையில் போய் நின்றது, அவர்களில் ஒருவருக்கும் அதைத் தீர்க்கும் அதிகாரம் ஏன் தரப்படவில்லை என்பதை.