தாடையைத் தின்ற தீக்குச்சி

கொஞ்சம் நீளமான இழை இது. நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து எழுதுறேன். டீயோட உட்கார்ந்து பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு சின்ன வேலை. சமையலறைக்குப் போய் தீப்பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க. லைட்டர் வாங்கியாச்சுன்னு சொல்றவங்க விளக்கு ஏத்துற இடத்துல தேடுங்க, கட்டாயம் ஒண்ணு இருக்கும்.

எடுத்துட்டீங்களா? இதில் பாஸ்பரஸ் எங்கே இருக்கு?

குச்சியின் தலையில் என்றுதான் பலரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது இருப்பது பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசுகிற பட்டையில். அது சிவப்பு பாஸ்பரஸ், பெரிய ஆபத்தில்லாத வகை. குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சில சேர்மானங்களும். இரண்டும் சந்தித்தால்தான் தீ. அதனால்தான் இந்தக் குச்சியைச் சுவரில் எவ்வளவு தேய்த்தாலும் பற்றாது.

நம் தாத்தாவின் தாத்தா காலத்துத் தீக்குச்சி அப்படியில்லை. சுவர், செருப்பு, கல் என எதில் உரசினாலும் பற்றும். அதன் தலையில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். 1830-ஐ ஒட்டி பிரான்சைச் சேர்ந்த சார்ல் சோரியா சேர்த்த சரக்கு அது. மலிவு, வசதி, மழைக்காலத்திலும் ஏமாற்றாது. உலகமே வாங்கியது.

அதைச் செய்தவர்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் மருந்து கலக்கும் இடம், குச்சியை மருந்தில் முக்கும் இடம், காய வைக்கும் இடம், பெட்டியில் அடுக்கும் இடம், எல்லாவற்றிலும் வெள்ளை பாஸ்பரஸின் ஆவி. அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசித்தவர்களில் சிலருக்கு முதலில் பல்வலி வரும். சாதாரணப் பல்வலிதான். பல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய குழி ஆறாது. ஈறு வீங்கும், சீழ் வரும், அந்தச் சீழ் நாற்றத்தில் வீட்டில் உள்ளவர்களே பக்கத்தில் உட்கார முடியாது. உள்ளே தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு சீழ் வெளியே வரும். கடைசியில் செத்த எலும்பை, பல பேருக்குக் கீழ்த்தாடை முழுவதையுமே, அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஃபாசி ஜா' என்று பெயர். பாஸ்பரஸ் தாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது விஷங்கள் பற்றிய பாடத்தில் இரண்டு வரியில் கடந்து போவோம். பரீட்சைக்கு இரண்டு மார்க். அவ்வளவுதான்.

வியன்னாவைச் சேர்ந்த லோரின்சர் என்ற டாக்டர் இந்த நோயை மருத்துவ உலகுக்கு விவரித்து எழுதியது 1845-ல். இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா அதற்கு முந்தின வருஷமே, 1844-ல், ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற வேதியியலாளர் ஆபத்தில்லாத தீக்குச்சிக்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், வாங்கிவிட்டார். பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்து உரசும் பட்டைக்கு மாற்றும் யோசனை அவருடையது. லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சிவப்பு பாஸ்பரஸோடு மெருகேற்றினார்கள். 1855-ல் அந்தக் காப்புரிமையின் பிரிட்டிஷ் உரிமையை லண்டனின் பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் வாங்கியது.

நோயும் தெரியும், தீர்வும் கையில். ஆனால் அதே நிறுவனம் பாதுகாப்பான குச்சியோடு சேர்த்து, விஷக் குச்சியையும் இன்னும் 40 வருஷத்துக்கு மேல் செய்து விற்றது. காரணம் எளிது. மக்கள் எங்கே உரசினாலும் பற்றுகிற குச்சியைக் கேட்டார்கள், அதுவும் மலிவாக. பெட்டி தொலைந்தால் உதவாத குச்சி யாருக்கு வேணும்?

1888-ல் அந்தத் தொழிற்சாலையின் பெண்கள், பலர் சிறுமிகள், சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் நிலைமையைப் பத்திரிகையில் எழுதி வெளியே கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். ஆமாம், நம்ம அடையாறு அன்னி பெசன்ட்தான், பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்தவர். இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முந்தைய கதை. வேலைநிறுத்தம் ஜெயித்தது. அபராதப் பிடித்தங்கள் போயின. சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அதுவரை மருந்து படிந்த கையோடு, மருந்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் மட்டும் அங்கேயே இருந்தது. 1898-ல் இந்த நோய் வந்தவர்களைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுக்காமல் மறைத்ததற்காக அந்த நிறுவனத்துக்கு அபராதம் விதித்தார்கள். எவ்வளவு தெரியுமா? 25 பவுண்டு 9 ஷில்லிங்.

இனிமேல்தான் இந்த இழையின் உண்மையான விஷயம் வருகிறது.

அதே 1898-ல் பிரான்சில் செவென், காஹன் என்ற இரு வேதியியலாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். பிரான்சில் தீக்குச்சி அரசாங்கத்தின் ஏகபோகத் தொழில். தொழிலாளிக்குத் தாடை போனால் பழியும் செலவும் அரசாங்கத்தின் தலையில். அதனால் அங்கே தேடல் தீவிரமாக நடந்தது. கிடைத்தது பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு. வாயில் நுழையாத பேர்தான், ஆனால் வேலை பிரமாதம். எங்கே உரசினாலும் பற்றும், தாடையைத் தின்னாது. மக்கள் கேட்ட வசதியும் உண்டு, விஷமும் இல்லை.

இதற்கு அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினார்கள். அந்த உரிமையை அங்கே விலைக்கு வாங்கியது டயமண்ட் மேட்ச் கம்பெனி, அமெரிக்காவின் மிகப் பெரிய தீப்பெட்டி நிறுவனம். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 17 வருஷம். 1915 வரை வேறு யாரும் அந்த மருந்தைத் தொட முடியாது.

சரி, வாங்கியவர்களாவது உடனே மாறினார்களா? இல்லை. பிரெஞ்சு மருந்துக் கலவை அமெரிக்கத் தட்பவெப்பத்துக்குச் சரிப்படவில்லை என்று வெள்ளை பாஸ்பரஸே ஓடிக்கொண்டிருந்தது.

1906-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகள் தீக்குச்சியில் வெள்ளை பாஸ்பரஸைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் 1908-ல் சட்டம் இயற்றி 1910 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கா மட்டும் சும்மா இருந்தது. எங்கள் தொழிற்சாலைகள் நவீனமானவை, சுத்தமானவை, இங்கே அந்த நோயெல்லாம் கிடையாது என்று அங்கே படித்தவர்களே நம்பினார்கள். நோய் இல்லை என்று சொல்லச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, டாக்டர்களுக்குத் தெரியும். தேடாமல் இருப்பது.

ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் தேடினார். டாக்டர் இல்லை, தொழிலாளர் சட்டங்களுக்காக வேலை செய்தவர். தீப்பெட்டி ஊர்களுக்கு நேரில் போய் விசாரித்தார். 1910-ல் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறை வெளியிட்ட அவருடைய அறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ்பரஸ் நோயாளிகள். தாடை இழந்த பெண்கள், ஆண்கள், படங்களோடு. நாடு அதிர்ந்தது.

அப்புறம் என்ன, தடைச் சட்டம் போட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். வெள்ளை பாஸ்பரஸைத் தடை செய்தால், எங்கே உரசினாலும் பற்றும் குச்சியைச் செய்ய இருக்கும் ஒரே நல்ல வழி செஸ்குவிசல்பைடு. அது ஒரே ஒரு கம்பெனியின் பூட்டுக்குள். ஆக, தொழிலாளியின் தாடையைக் காப்பாற்றச் சட்டம் போட்டால் டயமண்ட் கம்பெனிக்குச் சந்தையையே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சின்ன நிறுவனங்கள் எதிர்த்தன. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லணும்.

டயமண்ட் முதலில், மற்றவர்களுக்கும் உரிமம் தருகிறோம் என்றது. யாரும் நம்பவில்லை. பிறகு காப்புரிமையைப் பொதுவான அறங்காவலர்களிடம் ஒப்படைத்தது. அப்போதும் சந்தேகம் தீரவில்லை. ஜனாதிபதி டாஃப்ட்டே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். 1911 ஜனவரி 28 அன்று கம்பெனி காப்புரிமையை முழுவதுமாகக் கைவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், காசு கொடுக்க வேண்டாம். அதே காலத்தில் அதன் பொறியாளர் வில்லியம் ஃபேர்பர்ன் அமெரிக்கத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப கலவையையும் சரிசெய்தார்.

பூட்டு திறந்ததும் சட்டம் வந்தது, 1912 ஏப்ரலில். அதிலும் ஒரு சாமர்த்தியம். தொழிற்சாலைக்குள் நுழைந்து இதைச் செய்யாதே என்று உத்தரவிட மத்திய அரசுக்கு அன்றைக்கு அதிகாரம் இருப்பதாக யாரும் கருதவில்லை. அதனால் வரி போட்டார்கள். நூறு வெள்ளை பாஸ்பரஸ் குச்சிக்கு இரண்டு சென்ட். குச்சி விற்கிற விலைக்கு அந்த வரியைக் கட்டி எவனாலும் பிழைக்க முடியாது. 1913 ஜூலையில் வரி அமலுக்கு வந்தது. தொழிலே நின்றது.

டயமண்ட் கம்பெனியைத் தியாகி ஆக்க நான் தயாரில்லை. 1898-லிருந்து 1911 வரை போன தாடைகளுக்குக் கணக்கு யார் சொல்வது? காப்புரிமை முடிய மிச்சமிருந்தது நாலு வருஷத்துச் சொச்சம்தான். ஆனாலும் அந்த நாலு வருஷம், குச்சி முக்குகிற ஒரு பெண்ணுக்கு அவள் முகம்.

காப்புரிமையே தப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் விதவிதமாக நடந்திருக்கிறது. 1903-ல் கார் கண்ணாடி துடைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண். வாங்க ஆளில்லை. எல்லாக் காரிலும் துடைப்பான் வந்தபோது அவர் உரிமை காலாவதி. அடுத்த வருஷம் ரேசருக்கு வாங்கிய ஜில்லெட் கோடீஸ்வரர். 1923-ல் இன்சுலின் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமை எடுத்து, தலா ஒரு டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு எவனும் பூட்டுப் போட்டுவிடக் கூடாதே என்று தாங்களே பூட்டி, சாவியைப் பொதுவில் வைத்த மாதிரி. செவெனும் காஹனும் எடுத்த காப்புரிமையில் எனக்குக் குறை இல்லை. உயிர் காக்கிற பொருளுக்குப் பூட்டு விழும்போது சாவிக்காரனின் நல்ல மனசை நம்பி 12 வருஷம் காத்திருக்க வேண்டி வந்ததே, அதுதான் உறுத்துகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913-ல் வந்தது. அப்போது சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டது 1922-ல். திரும்பி வந்து தொடங்கியது 1923-ல். பத்து வருஷ இடைவெளி!

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்களும், வெட்கத்தோடு சொல்ல வேண்டும், குழந்தைகளும் குச்சி அடுக்கியிருக்கிறார்கள். தீ விபத்து, குறைந்த கூலி என எத்தனையோ பார்த்த பூமி. ஆனால் தாடை அழுகும் அந்த நோயை ஒரு தொழில் நோயாக அந்த மக்கள் சந்திக்கவில்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் யாரோ பெண்கள் அந்த விலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள்.

டாக்டர் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லிட்டு முடிச்சிடுறேன்.

ஒன்று. அந்தத் தாடை நோயின் ஒரு பங்காளி இன்றைக்கும் இருக்கிறது. எலும்பு தேய்மானத்துக்கும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்து வகை கொடுக்கிறோம். ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி அதில் ஒன்று. மிக நல்ல மருந்து, பயந்து நிறுத்தாதீர்கள். ஆனால் 2003 வாக்கில், இதைப் போட்டுக்கொண்ட சிலருக்குப் பல் பிடுங்கியபின் குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவதைக் கவனித்தார்கள். அபூர்வம்தான். அதனால் இந்த ஊசி தொடங்கும் முன் பல் டாக்டரை ஒருமுறை பாருங்க. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், பல் பிடுங்கப் போகும்போது மறக்காம சொல்லுங்க.

இரண்டு. வெள்ளை பாஸ்பரஸுக்கு இன்னொரு பெயர் மஞ்சள் பாஸ்பரஸ். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், அவ்வளவுதான் வித்தியாசம். நூறு வருஷத்துக்கு முன் தீக்குச்சியிலிருந்து துரத்திய அதே பொருள், எலிக்கு வைக்கும் சில பேஸ்ட்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் வேலை செய்கிற எங்களுக்குப் பழகிப்போன எதிரி. தேங்காய்ச் சில்லில், தக்காளியில் தடவி வைத்ததைக் குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும். முதல் ஒன்றிரண்டு நாள் வாந்தியோடு சரி, சில பேருக்கு அதுவும் இருக்காது. நல்லாத்தான் இருக்கு என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், கல்லீரல் போகும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது.

அதனால் வாயில் பட்டது என்று தெரிந்தாலே, எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட்டு பெரிய அரசு மருத்துவமனைக்கு வந்துடுங்க. வீட்டில் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த பேஸ்ட் டியூபையும் கையோட எடுத்துட்டு வாங்க, உள்ளே என்ன இருக்குன்னு நாங்க படிக்கணும்.