துல்லிய இதய மருத்துவம்

துல்லிய இதய மருத்துவம் என்பது ஒருவரின் மரபணுக்கள், வாழ்க்கைமுறை, சூழல் ஆகியவற்றை ஆராய்ந்து, இதய நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கவும் அவருக்கேற்ற சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் முயலும் மருத்துவ முறை. 2015 சனவரியில் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா துல்லிய மருத்துவத் திட்டத்தை அறிவித்தபின் இத்துறை பரவலான கவனம் பெற்றது.

பயன்கள்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் குளோபிடோக்ரெல், கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்னும் நொதி மாற்றியமைத்த பிறகே வேலை செய்யும். இந்நொதிக்கான மரபணுவின் செயலற்ற வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு மருந்தின் பலன் குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. மரபணுப் பரிசோதனையில் இது தெரிந்தால் மருத்துவர் டிகாக்ரெலார் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம்.

பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த சில குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 மரபணு மாறியிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் கண்டறிந்தனர். அதே மரபணு செயலிழந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறைவு, மாரடைப்பும் அரிது என்பதை டாலஸ் நகரின் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழுவினர் பின்னர் காட்டினர். இம்மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் அலிரோகுமாப், எவோலோகுமாப் ஊசி மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன.

சவால்கள்

மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. இதன் விளைவு கடுமையானது. இதயத்தசைத் தடிப்பு நோய்க்குக் காரணமெனக் கருதப்பட்ட சில மரபணு மாற்றங்கள் கறுப்பின அமெரிக்கர்களிடையே இயல்பாகவே காணப்படுபவை என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. முந்தைய ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் அவர்கள் போதிய அளவில் சேர்க்கப்படாததால், நோய் தராத மாற்றத்துக்கு நோய் முத்திரை விழுந்தது.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்று 2009இல் வெளியான ஆய்வு, இதயத்தசைப் புரதத்துக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுவதையும் தெரிவித்தது. ஐரோப்பியத் தரவுகளை மட்டும் வைத்து இதை அறிந்திருக்க முடியாது. 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதிகளை வாசித்த ஜீனோம் இந்தியா திட்டம் இக்குறையைக் களையும் முக்கிய முயற்சி.

மருந்து விலை, மரபணு ஆலோசகர் பற்றாக்குறை, தரவுகளின் தனியுரிமை ஆகியவையும் தடைகளே. மரபணு மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதால் முடிவுகளை விளக்குவதிலும் கவனம் தேவை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அவசியத்தை மரபணுப் பரிசோதனை நீக்கிவிடாது. எல்லா இனத்தவரின் தரவுகளும் சேர்ந்தால்தான் இம்மருத்துவம் எல்லோருக்கும் துல்லியமானதாகும்.