ஓட்டை உள்ள உலோகம்

தில்லிப் பக்கம் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினாருக்கு அழைத்துப் போவோம். அங்கே நிற்கும் இரும்புத்தூண் 1600 ஆண்டுகளாக ஏன் துருப்பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்குப் பிடித்த கேள்வி வேறு: அதை எப்படிச் செய்தார்கள்?

அது உருக்கி வார்த்த தூண் இல்லை. உலையிலிருந்து கிடைத்தது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான இரும்புக்கட்டி. கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்து ஒட்டினார்கள். ஓட்டையை விரட்டுவதுதான் கொல்லர் வேலை. அதே ஓட்டையை வேண்டுமென்றே உண்டாக்கியவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1959-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் வில்லியம் ப்யூலர், ஏவுகணையின் மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழ சரிபாதி அணுக்களாகச் சேர்ந்த கலவை கைக்குக் கிடைத்தது. பிறகு ஒரு கூட்டத்தில், அந்தக் கலவையில் செய்து மடித்து வைத்த பட்டைக்கு டேவிட் மஸ்ஸி என்பவர் லைட்டரைக் காட்ட, அது தானாக நிமிர்ந்தது! பழைய வடிவத்தை மறக்காத இந்த உலோகத்தின் பெயர் நிடினால்.

பல் கம்பி, ரத்தக்குழாய் ஸ்டென்ட் என்று மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எலும்பில் வைப்பதில்தான் சிக்கல். எலும்பைவிட விறைப்பான உலோகம் பாரத்தையெல்லாம் தானே தாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும். எஃகின் விறைப்பு எலும்பைப் போல சுமார் 10 மடங்கு. கெட்டியான நிடினாலும் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்புதான். ஓட்டை போட்டால் விறைப்பு குறையும், ஓட்டைக்குள் எலும்பும் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

சைபீரியாவின் டோம்ஸ்க் நகர ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். இரண்டு உலோகத் தூளையும் அழுத்தி, சூடேற்றி, ஒரு முனையில் பற்றவைத்தார்கள். நெருப்பு அலை போல ஓடி, நுரைத்த கட்டியாக நின்றது. இன்னொரு வழி, தூளை வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ, முழுக்க உருகவிடாமல் சூடாக்கி, துகளோடு துகளை ஒட்டவைப்பது. இதுதான் சின்டரிங். தூளோடு உப்பைக் கலந்து அழுத்திச் சூடாக்கி, பிறகு உப்பைக் கரைத்தெடுத்தால் அந்த இடமெல்லாம் ஓட்டை. ஆப்பம் சுடுவதைவிடச் சுலபம் என்று தோன்றுகிறதா? :-)

இல்லை. நிக்கல் உருக 1455 டிகிரி வேண்டும், டைட்டானியத்துக்கு 1668. ஆனால் இரண்டும் தொட்டுக்கொண்டால் 942 டிகிரியிலேயே திரவம் தோன்றத் தொடங்கிவிடும். அவசரப்பட்டால் கட்டி உருக்குலையும். நிக்கல் அளவு 0.1 சதவீதம் மாறினாலே வடிவம் திரும்பும் வெப்பநிலை 10 டிகிரி வரை நகரும். நம் உடம்போ 37 டிகிரி! எல்லாவற்றையும்விட, சரியாகச் சேராத நிக்கல் உடம்புக்குள் கசியலாம். ஓட்டை கூடினால் பரப்பும் கூடும், கசிவுக்கு வாய்ப்பும் கூடும். எலும்பை உள்ளே அழைக்கும் அதே ஓட்டை, நிக்கலை வெளியே விடும் வாசலாகவும் ஆகலாம். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு விஷயம். கவரிங் நகை போட்டால் அம்மாவுக்குக் காதும் கழுத்தும் அரிக்கிறதா? அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான். முட்டி மாற்று சிகிச்சையோ, வேறு எந்த உலோகப் பொருத்தமோ செய்யும் முன் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். உலோகத்துக்கு ஞாபகசக்தி இருந்தால் மட்டும் போதாது, நமக்கும் வேண்டும்.