ஆதாரமும் அண்டை நிழலும்: திருவாலங்காட்டுப் பதிகங்களும் நடராசர் படிமமும்

பண்ணுக்கு ஓர் உணர்ச்சி, நிறத்துக்கு ஓர் உணர்ச்சி என்று பட்டியல் போடும் வழக்கம் நம் கலை ஆய்வில் இன்னும் ஓயவில்லை. இசையிலும் சிற்பத்திலும் பொருள் பிறப்பது தனிச் சுரத்தாலோ தனி நிறத்தாலோ அல்ல. நிலையான ஓர் ஆதாரத்தோடு மற்றவை கொள்ளும் உறவால்தான். இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபை இத்தலத்தில்தான் இருக்கிறது.

காரைக்கால் அம்மையார் இத்தலத்தின் மீது பாடிய மூத்த பதிகங்கள் இரண்டு. இரண்டிலும் களம் ஒரே சுடுகாடு, ஆடுபவன் ஒருவனே. ஆனால் மரபு ஒன்றுக்கு நட்டபாடையையும் மற்றதற்கு இந்தளத்தையும் பண்ணாக வகுத்திருக்கிறது. பொருளுக்கு ஏற்ற உணர்ச்சிச் சீட்டுத்தான் பண் என்றால் இங்கே ஒரு பண்ணே போதுமே!

ஓதுவார்கள் இன்று நட்டபாடையைக் கம்பீர நாட்டையிலும் இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் பாடுகிறார்கள். இவ்விணைப்பு பிற்கால மரபு. அம்மையார் காதில் ஒலித்தது இதுவே என்று நான் வாதிடவில்லை. ஆனால் இவ்விரு ராகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கம்பீர நாட்டையின் ச, அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், ப, காகலி நிஷாதம் ஆகிய ஐந்தும் அப்படியே மாயாமாளவகௌளையில் இருக்கின்றன. கூடுதலாக வருபவை சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் மட்டுமே. அவை ஆதார சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் அரைச்சுரம் மேலே ஒட்டி நிற்கின்றன. அந்த நெருக்கத்தாலேயே நிமிர்ந்து நின்ற பண் இரக்கமாகிவிடுகிறது. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் இது மாறுவதில்லை, உறவுதான் பண்.

சிற்பத்துக்கு வருவோம். திருவாலங்காட்டு நடராசர் செப்புப் படிமம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. திருவாசியும் விரிசடையும் இன்றி உடல் முழுவதும் ஒளிக்குத் திறந்திருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் இந்தியா வந்தவரல்லர். கலை ஆய்வாளர் கோலுபெவ் கொடுத்த, இப்படிமத்தின் நிழற்படங்களை வைத்தே 1913இல் சிவ நடனம் பற்றி எழுதினார். அது 1921இல் அச்சேறியது. செம்பின் நிறத்தை அவர் அந்த நிழற்படங்களில் பார்த்திருக்க வழியில்லை. அவருக்குக் கிடைத்தது கருமை முதல் வெண்மை வரையிலான படிநிலை மட்டுமே. ஆடலை உணர அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நிறம் போனாலும் ஒளிநிழல் உறவு நின்றதே காரணம். கட்டை மாறினாலும் பண் நிற்பதற்கு நிகரானது இது. அகன்ற மார்பும் தொடையும் ஒளியை நிலையாக ஏந்துகின்றன. இடுப்பின் மடிப்பிலும் தூக்கிய காலின் அடியிலும் ஒட்டி நிற்கும் குறுகிய நிழல்களே அசைவைத் தருகின்றன.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. தம்பூராவின் ஆதாரம் அசையாது. விளக்கின் ஒளியோ இடம் மாறும். கோயிலில் பட்டும் மாலையும் தரித்துத் தீபாராதனையில் தெரியும் மேனி வேறு, அருங்காட்சியகத்தின் அசையா வெளிச்சத்தில் தெரியும் மேனி வேறு. ரொதேன் படித்தது இரண்டாவதற்கு நெருங்கியதை. அவர் வாசிப்பைக் கோயில் அனுபவமாக எடுத்துக்கொள்வது பிழை.

ஆய்வாளர்கள் செய்ய வேண்டியது எளிது: இரு பதிகங்களையும் ஒரே ஓதுவார் ஒரே சுருதியில் பாடப் பதிவு செய்யுங்கள்; எழும்பூர்ப் படிமத்தைப் பல திசை ஒளியில் படமெடுத்து அந்தப் பதிவோடு சேர்த்து ஆராயுங்கள்.