மழை விட்ட பிறகு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் டிரோன் அஞ்சலின் பொருளியல்

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்ட முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது. ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், கடைசியில் 39200 ரிங்லெட் அல்லது 39000 தானா ராத்தா, அவ்வளவுதான். ஷோப்பி இணையக் கடையில் வாங்கிய செருப்பு, மகளின் பள்ளிக்கூடப் பை, மருத்துவமனைக் கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகம் வரை வந்து கிராணியின் (தோட்ட எழுத்தரின்) மேசைக்குப் பக்கத்தில் தங்கிவிடும். காலைப் பெரட்டு (வருகைக் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்கு ஏறியவர் மாலையில் இறங்கும்போதுதான் அதைப் பார்ப்பார். தானியங்கி டிரோன்களைக் கொண்டு இங்கே பொட்டல விநியோகத் தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த மேசையைத்தான். டிரோன் வந்தாலும் பொட்டலத்தை வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மலையில் இருக்கிறார்.

வீட்டுக்கு வீடு பொட்டலம் சேர்க்கும் டிரோன் தொழில் கேமரன் மலைத் தோட்டங்களில் நிற்காது என்பது என் வாதம். பறப்பதில் உள்ள சிரமம் அதற்கு முதற்காரணம் அல்ல. காசு கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. நிற்கக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அது விற்பது பொட்டலப் பயணத்தை அல்ல. மழை விட்டதற்கும் சாலை திறப்பதற்கும் இடையிலுள்ள நேரத்தை.

முதலில் நிலம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இந்த மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து வளைந்தேறும் சாலை வந்த காலத்தையொட்டியே தேயிலையும் வந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டமும், 1933இல் உருவான பாரத் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. தாப்பாச் சாலைக்குத் துணையாகச் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு இன்னொரு சாலை பிற்பாடு திறந்தது. ஆனால் நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் கதை மாறிவிடும். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் பாதையில் எதிரே ஒரு வேன் வந்தால் இருவரில் ஒருவர் பின்வாங்கி ஓரம் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் சுற்றுலா வண்டிகள் மலை முழுதும் நெருக்கியடிக்கும். பக்கத்து மேடு கண்ணுக்கு எதிரே நிற்கும், சாலையோ பள்ளத்தில் இறங்கி ஏறிச் சுற்றிவரும். டிரோன் ஆசை இங்கே இயல்பாக எழுவதில் வியப்பில்லை.

மலையேறுவதுதானே ஆற்றலைத் தின்னும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. சுமையோடு சேர்த்து 10 கிலோ எடையுள்ள டிரோன் 500 மீட்டர் உயர, இயற்பியல்படி சுமார் 14 வாட்மணி போதும். மோட்டார், இறக்கை இழப்புகளைச் சேர்த்து இருமடங்காக்கினால் 28. அதே டிரோன் அந்தரத்தில் அசையாமல் நிற்க ஒன்றேகால் கிலோவாட் அளவில் தேவைப்படும் என்று கொண்டால், ஒரு நிமிடக் காத்திருப்புக்கு 20 வாட்மணிக்குச் சற்று மேல் கரைகிறது. அதாவது 500 மீட்டர் மலையேற்றமும், பொட்டலம் வாங்குபவர் கைகழுவிவிட்டு வெளியே வரும் ஒன்றரை நிமிடமும் மின்கலத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. அதனால் நிற்பதற்கான திறனில் 8 விழுக்காடு கூடும். அதுவும் காத்திருப்பின் கணக்கில்தான் ஏறும். மலையைவிட மனிதர்தான் செலவு என்று சொல்லத் தோன்றுகிறது, கொஞ்சம் மிகைதான் என்றாலும்.

எனவே தரையில் ஆயத்தமான ஓரிடம் வேண்டும்: பூட்டிய பெட்டி, கூரை, பொறுப்பான ஒருவர். அப்படியோர் இடம் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் கிராணியின் அலுவலகம். ஆனால் டிரோன் அங்கே இறங்கினால் மோட்டார் சைக்கிள் அஞ்சல்காரர் செய்வதைத்தான் செய்கிறது, அதுவும் மோசமாக. அவர் ஒரே நடையில் முப்பது பொட்டலம் கொண்டுவருவார்; இரண்டு கிலோ சுமக்கும் டிரோன் அதற்குப் பலமுறை போய்வர வேண்டும். சில நூறு முறை மின்னேற்றியதும் மாற்ற வேண்டிய மின்கலங்களை இப்படித் தேய்ப்பதற்குச் செருப்பு விலையில் இடமில்லை.

அடுத்தது மழை. தானா ராத்தாவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அக்டோபரும் நவம்பரும் மிகக் கனமான மாதங்கள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் சேற்று வெள்ளம். 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண்சரிந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஐவர் இறந்தனர். சாலை அடைபட்டால் வான்வழி என்பது டிரோன் தொழிலுக்கு எளிதாகக் கிடைக்கும் விளம்பர வாசகம். ஆனால் சாலையை அடைக்கும் அதே மழைதான் டிரோனையும் கட்டிப்போடும். பிற்பகலில் கொழுந்துச் சரிவுகளின் மேல் மூடுபனி இறங்கும்போது பத்து வரிசைக்கு அப்பால் செடி தெரியாது. அந்த நேரத்தில் முகட்டைத் தாண்டி விமானம் அனுப்புகிறவர் தொழில்முனைவர் அல்லர், சூதாடி.

இந்த எதிர்வாதத்தோடு நின்றுவிடவும் கூடாது. சாலையும் டிரோனும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஒரே நேரத்தில் மீள்வதில்லை. மழை விட்ட சில மணி நேரத்தில் வானம் தெளிந்துவிடும். சரிந்த மண்ணை அள்ள இயந்திரம் வர வேண்டும், சரிவு உறுதியானது என்று பொறியாளர் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒரு குப்பி இன்சுலினுக்கும், பரிசோதனைக்குப் போகவேண்டிய ரத்த மாதிரிக்கும், ஆலையில் உருட்டு இயந்திரத்தை ஓடவைக்கும் ஒரு பேரிங்குக்கும் வழக்கமான அஞ்சல் கட்டணத்தோடு சம்பந்தமில்லாத மதிப்பு இருக்கிறது. வாடிய கொழுந்து காத்திருக்காது என்பது தேயிலை ஆலையில் வேலை செய்தவர் யாருக்கும் தெரியும்.

மலைத்தோட்டத்துக்கு வான்வழிச் சரக்கு புதிதல்ல. மூணாறின் டாப் ஸ்டேஷனிலிருந்து தேனிப் பக்கத்துக் கொட்டக்குடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தன. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை பெட்டிகளைக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அழித்தது. அந்தக் கம்பிவடம் தொழிலாக நின்றதற்குக் காரணம் மூன்று: இரு முனைகளும் மாறாதவை, சரக்கு ஒன்றே, செலவைச் சுமப்பவர் ஒருவரே. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காட்டுக்குள் அமைத்த கோட்டைகளுக்கு விமானங்கள் பாராசூட்டில் உணவு போட்டதும் அதே வகைதான். அங்கே செலவைச் சுமந்தது அரசு. பொட்டலத்துக்கு இவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இதே பாடம் டிரோன்களிலும் திரும்பியது. 2016 ஜனவரி முதல் மார்ச் வரை பவேரியாவின் ரைட் இம் விங்கல் ஊரிலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்து விங்கல்மோசாமுக்கு டிஹெச்எல் டிரோன் பறந்தது. பனிக்காலத்தில் காருக்கு அரை மணி நேரம், டிரோனுக்கு 8 நிமிடம். ஆளில்லாமலே பெட்டியை ஏற்றி இறக்கும் தானியங்கி நிலையம் இருந்தது. 130 முறை அது வேலை செய்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் கேமரன் மலைக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி கிடைக்காது. 2021இல் அந்நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அதே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் முஹாங்காவிலிருந்து ரத்தம் கொண்டுபோகத் தொடங்கிய ஜிப்லைன் நிறுவனத்தின் டிரோன்கள் இன்றும் பறக்கின்றன. தரையில் இறங்காமல் பொட்டலத்தைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பும் அதன் விமானத்துக்கு 1.8 கிலோதான் சுமை. 2022இல் வெளியான ஆய்வொன்று, சாலையோடு ஒப்பிட்டால் சராசரியாகக் குறைந்தது 79 நிமிடம் மிச்சமானதையும், காலாவதியாகி வீணாகும் ரத்தம் 67 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. இந்த இரண்டாம் எண்தான் எனக்கு முக்கியம். மருத்துவமனைகள் அவசரத்துக்கென்று ரத்தத்தைப் பதுக்கிவைக்கும் தேவை குறைந்தது. சேமிப்பு அரசின் கணக்கில் தெரிந்தது. அரசு ஒப்பந்தத்தைத் தொடர்ந்தது. ரைட் இம் விங்கலில் நேரம் மிச்சமானது உண்மை, ஆனால் அது யாருடைய கணக்கிலும் பணமாக வரவில்லை.

மலேசியச் சட்டமும் இதே திசையில் தள்ளுகிறது. 2016 விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி 20 கிலோவுக்குக் குறைந்த டிரோனை ஓட்டுபவர் அதைத் தம் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். அனுமதியின்றி நிலத்திலிருந்து 400 அடிக்கு, ஏறக்குறைய 120 மீட்டருக்கு, மேலே போகக்கூடாது. முகட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதென்றால் மலேசியப் பொதுவிமானப் போக்குவரத்து ஆணையத்தின் தனி அனுமதி தேவை. 400 அடி என்பது தட்டை நிலத்தில் எளிய எல்லை. இங்கே நிலம் ஒரு கிலோமீட்டருக்குள் முந்நூறு மீட்டர் எழுந்து விழும். டிரோன் சரிவை ஒட்டியே தவழ வேண்டும். முகடு வானலையை மறைக்கும். வழியில் மின்கோபுரக் கம்பிகள், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். ‘தானியங்கி’ என்ற சொல்லைக் கேட்டு ஆட்செலவு குறையும் என்று நம்புபவர், ஒவ்வொரு பறத்தலுக்கும் பொறுப்பேற்கும் ஆள் சட்டத்தின் முன் நிற்க வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார். ஆகவே எங்கும் போகும் டிரோனுக்கு அனுமதி பெறுவதைவிட, ஆராய்ந்து குறித்த இரண்டு மூன்று வழித்தடங்களுக்குப் பெறுவது எளிது. மறுபடியும் கம்பிவடம்தான், கம்பி மட்டும் இல்லை.

அப்படியானால் தொழிலின் வடிவம் இதுதான்: தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை, தோட்ட ஆலைகள், அலுவலகங்கள் ஆகியவற்றை இணைக்கும் மாறாத தடங்கள். பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்காமல், தயார் நிலைக்கு மாதக் கட்டணம். தீயணைப்பு நிலையத்துக்கு எரிந்த வீட்டை எண்ணியா செலவு செய்கிறோம்? மழை குறைந்த மாதங்களில் ஆளும் மின்கலமும் சும்மா கிடக்காதிருக்க, மருந்து தெளிக்கும் வேளாண் டிரோன் பணியையும் அதே குழுவே எடுக்கலாம். அதற்குத் தனி அனுமதிமுறை ஏற்கெனவே இருக்கிறது. டிரோன் வாங்குவது இந்தப் பட்டியலின் கடைசிச் செலவு. முதற்செலவு ஒப்பந்தத்துக்காக நடையாய் நடப்பது.

இந்த வடிவத்தில் எனக்கே உறுத்தும் இடங்கள் இரண்டு. ஒன்று, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு மேலே பறக்கும் கேமரா. குளியலறை வெளியே இருக்கும் பழைய வரிசைகளில் பெண்களிடம் யார் அனுமதி கேட்பார்கள்? நிலம் தோட்டத்தினுடையது என்பதால் நிர்வாகத்தின் கையெழுத்தோடு கேள்வி முடிந்துவிடுகிறது. யாருக்கு எந்த மருந்து வந்தது என்ற பதிவும் அலுவலகத்தின் கையிலேயே சேரும். தடத்தை லயங்களிலிருந்து விலக்குவதையும், மருந்துப் பெட்டியின் சாவி கிராணியிடம் இல்லாமல் மருத்துவ உதவியாளரிடம் இருப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

மற்றது இன்னும் கடினம். ரிங்லெட்டுக்கு அப்பால், நான்கு சக்கர இழுவை வண்டி மட்டுமே போகும் போஸ் லெமோய் போன்ற செமாய்ப் பூர்வக்குடிக் குடியிருப்புகளில் இந்தச் சேவைக்கான தேவை எந்தத் தோட்டத்தையும்விட அதிகம். அங்கே ஆலையும் இல்லை, மாதக் கட்டணம் கட்ட நிர்வாகமும் இல்லை. தோட்டங்களை நம்பித் தொடங்கும் தொழில் தன் தடங்களைத் தோட்ட வேலியோடு முடித்துக்கொள்ளும். அரசு வாங்கினால்தான் நான்காவது தடம் அந்தப் பக்கம் நீளும்.