வெள்ளாவி என்று சொன்ன மாணவன்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வருஷம் கார்த்திகை மழை எங்கள் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டது. கடலோர ஊர், பழைய வீடு. பீரோவை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. மெத்தையில் மக்கிய வாடை. அடுப்படி டைல்ஸ் இடுக்கில் எத்தனை தேய்த்தாலும் போகாத பிசுக்கு. என் மூட்டுவலி தெரிந்த மகள், சென்னையில் இருந்தபடியே போனில் ஏற்பாடு செய்து, நீராவியால் வீடு சுத்தம் செய்யும் இரண்டு பையன்களை அனுப்பிவைத்தாள்.

சக்கரம் வைத்த பெட்டி மாதிரி ஓர் இயந்திரம். உள்ளே சின்னக் கொதிகலன், வெளியே ஒரு குழாய், நுனியில் பிரஷ். பத்து நிமிஷம் சூடானதும் ஒரு பையன் குழாயை டைல்ஸ் மேல் பிடித்தான். புஸ்ஸென்று ஆவி வந்தது, பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு இளகி வழிந்தது. சோப்பு இல்லை, ஆசிட் இல்லை. "ஆவியிலேயே கிருமி எல்லாம் செத்துடும் அம்மா" என்றான் அவன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1987ஆம் வருஷத்து வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும். பழக்கதோஷம், மன்னியுங்கள்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடும். ஏன் என்று வகுப்பில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க மேலும் ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். இந்த வெப்பம் தெர்மாமீட்டரில் தெரியாது, ஆவிக்குள் ஒளிந்திருக்கும். கையிலோ சுவரிலோ துணியிலோ பட்டு, ஆவி மறுபடி நீராகிற அந்தக் கணத்தில் அத்தனையும் வெளியே வரும். உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்பவர் இதைக் கண்டறிந்து சொன்னார்.

அவருக்கும் முன்னால், 1679இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இறுக மூடிய ஒரு பாத்திரத்தில் எலும்பையே வேகவைத்துக் காட்டினார். ஆவியின் அழுத்தம் மீறினால் வெளியேற ஒரு வால்வும் வைத்தார். நம் வீட்டு குக்கருக்கு அவர்தான் பாட்டன். ஆனால் அவர் காலத்தில் நோய்க்கிருமியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அது தெரிந்தபின், 1879இல் பாரிஸில் லூயி பாஸ்டரிடம் வேலை பார்த்த சார்லஸ் ஷாம்பர்லாண், அழுத்தத்தில் ஆவியை அடைத்து 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும் ஆட்டோகிளேவ் கருவியைச் செய்தார். ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைக் கருவிகளை வைப்பார்களே, அது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது 1881இல் பெர்லினில் நடந்த சோதனைதான். ராபர்ட் கோக்கும் அவரோடு காஃப்கி, லோஃப்லர் என்ற இருவரும் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளை எடுத்துக்கொண்டார்கள். கிருமி உலகத்தில் சாகவே மறுக்கும் ரகம் அது. வெறும் சூடான காற்றில் வைத்தால் 140 டிகிரியில் மூன்று மணி நேரம் ஆனது. அடியில் தண்ணீர் கொதிக்க, மேலே மூடி போட்ட உருளையில் ஆவி போய்க்கொண்டே இருக்கும்படி வைத்தால், 100 டிகிரியிலேயே சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அழுத்தம் எதுவும் இல்லை. அடியில் அடுப்பு, மேலே மூடி, இடையில் ஆவி. அவ்வளவுதான்.

இனி 1987.

ஏழாம் வகுப்பு. கிருமி நீக்கம் பற்றிய பாடம். "நீராவியால் கிருமி நீக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஆட்டோகிளேவ் என்ற பதிலை எதிர்பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்து, "வெள்ளாவி, டீச்சர்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் அப்பா அம்மா ஊருக்குத் துணி வெளுக்கிறவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் சிரித்தேன். "அது துணி துவைக்கிறது. பாடத்தில் உள்ளதைச் சொல்லு" என்று உட்காரவைத்தேன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான்.

வெள்ளாவி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிவார்கள். தரையில் தானாகவே வெள்ளையாகப் பூக்கும் மண் அது. அதில் சோடியம் கார்பனேட் உண்டு, நாம் கடையில் வாங்கும் சலவைச் சோடாதான். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். அதன்மேல் துணிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, ஆவி வெளியே போகாதபடி பழந்துணியால் மூடுவார்கள். பொழுது சாய அடுப்பு மூட்டினால் விடியவிடிய எரியும். யாராவது கண் விழித்துத் தீயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விடிந்ததும் கழுதைமேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். காரமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய்ப் பிசுக்கு சோப்பாகவே மாறிவிடும். பேனும் அதன் முட்டையும் அந்தச் சூட்டில் பிழைக்காது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் உடைகளை ஆவியில் அவித்தார்களே, அது இந்தப் பேனுக்காகத்தான். பேன் வழியாக டைபஸ் காய்ச்சல் பரவுகிறது என்று 1909இல்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஊரில் எந்தத் துணி வெள்ளாவிக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, தீட்டுத் துணி, அம்மை போட்ட வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி. நாம் தொடத் தயங்கிய அத்தனையையும் அவர்கள் வீட்டுப் பெண்கள் கையால் எடுத்து அவித்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு அறுவடையில் கொஞ்சம் நெல், ராத்திரி வாசலில் நின்று வாங்கும் ஊர்ச்சோறு. துணியை உடுத்திக்கொண்டோம், ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். புறநானூற்றில் 311ஆம் பாட்டிலேயே, களர் நிலத்துக் கிணற்று நீரில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அங்கேயும் அவளைக் குறிப்பது சாதிப் பெயர்தான்.

கோக் வைத்த உருளையும் அந்தப் பையன் வீட்டுப் பானையும் ஒரே தத்துவம். அவன் அப்பாவுக்குக் கிருமி என்ற சொல் தெரியாமல் இருந்திருக்கலாம், உண்மை. ஆனால் நான் கேட்டது எடுத்துக்காட்டு. அவன் சொன்னது சரியான எடுத்துக்காட்டு. பட்டயப் படிப்பில் "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரிந்ததை ஒருவன் கையில் கொண்டுவந்து கொடுத்தான். நான் வாங்கவில்லை.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். டைல்ஸ், குளியலறை, ஜன்னல் கம்பி, எல்லாம் பளிச். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆவியை மெத்தைக்கும், பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவருக்கும், பிளைவுட் அலமாரிக்கும் அடித்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, ஜன்னலை அடைத்திருந்தோம். ஒன்பதாம் நாள் மெத்தையில் பழைய வாடை, முன்பைவிடக் கூடுதலாக. அலமாரியின் ஓரம் உப்பிவிட்டது. சுவரில் பெயிண்ட் கொப்புளம் விட்டு, அதன் கீழே மறுபடியும் கறுப்பு.

பையன்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். சொன்ன வேலையைச் செய்தார்கள். நான்தான் யோசித்திருக்க வேண்டும். ஆவி தன் வெப்பத்தைக் கொடுப்பதே நீராக மாறும்போதுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் சூடு போன இடத்திலெல்லாம் தண்ணீரும் போயிருக்கிறது. டைல்ஸில் துணியால் துடைத்துவிடலாம். மெத்தைக்குள் போன தண்ணீரை எதைக் கொண்டு துடைப்பது? அதோடு, கொதிகலனுக்குள் 140 டிகிரிக்கு மேல் இருந்தாலும், குழாய் நுனியைத் தாண்டி ஒரு சாண் போவதற்குள் ஆவி நன்றாகக் குளிர்ந்துவிடும். மெத்தையின் ஆழத்துக்குப் போவது சூடு குறைவு, ஈரம் அதிகம். பூஞ்சணத்துக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "ஆட்டோகிளேவில் இருந்து பொட்டலம் ஈரமாக வந்தால் நாங்கள் பயன்படுத்தவே மாட்டோம் டீச்சர், அது சுத்தமே இல்லை என்றுதான் கணக்கு" என்றாள். ஈரம் வழியாக வெளிக்கிருமி உள்ளே போய்விடுமாம். உலர்த்துவதும் சேர்ந்ததுதான் கிருமி நீக்கம். வெள்ளாவிக்குப் பின்னால் மணலும் வெயிலும் இருந்ததும் அதனால்தான். ராத்திரி அவித்த துணியை மறுநாள் மூட்டை கட்டியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளில் வெள்ளையடிப்பதும் ஐப்பசி கார்த்திகையில் கிடையாது, மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன்னால். சுண்ணாம்பு நல்ல காரம், அதில் பூஞ்சணம் பிழைக்காது. சுவர் மூச்சுவிடவும் செய்யும். நாங்கள்தான் ஆறு வருஷத்துக்கு முன் அதைச் சுரண்டிவிட்டு, பளபளப்பு வேண்டும் என்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை.

கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். அடுப்படி டைல்ஸ், குளியலறை, கிரானைட், எவர்சில்வர் தொட்டி இவற்றுக்கு ஆவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், உடனே துடையுங்கள். மெத்தை, சோபா என்றால் மழை மாதத்தில் வேண்டவே வேண்டாம். பங்குனி வெயில் வரட்டும். பிளைவுட் பக்கம் ஆவியைக் கொண்டுபோகாதீர்கள். சுவரில் பூஞ்சணம் என்றால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மாடியின் மழைநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதை அடைக்க ஆன செலவு, ஆவி அடித்த செலவில் பாதிகூட இல்லை.

அந்த மாணவனைப் பற்றி விசாரித்தேன். திருப்பூர்ப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார், சரியாகத் தெரியவில்லை. பெயரை இங்கே எழுதவில்லை, அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது. 1987 ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். அவன் விடை சரி என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள். பேச விருப்பம் இருந்தால் என் பழைய நம்பர்தான், மாற்றவில்லை.

மொட்டை மாடியில் மெத்தை காய்கிறது. மேற்கே கருக்கல் கட்டுகிறது, எடுத்துப் போட ஆள் கூப்பிட வேண்டும். மீதியைப் பின்னூட்டத்தில் பேசுவோம்.