மூத்த குடிமக்களுக்கான வருமான வரிச் சலுகைகள் (இந்தியா)

முதியோருக்கு வருமான வரியில் தனிச் சலுகை தரும் வழக்கம் இந்தியாவில் 1990களில் வேரூன்றியது. 65 வயது நிறைந்தவர் கட்ட வேண்டிய வரியில் ஒரு பகுதியை 88பி பிரிவு தள்ளுபடி செய்தது. 2003இல் அத்தள்ளுபடி ரூ.20,000 வரை உயர்ந்தது. 2005இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் அதை நீக்கிவிட்டு, முதியோரின் வரி விலக்கு வரம்பை ரூ.1,85,000 ஆக்கினார். பொது வரம்பு அப்போது ரூ.1,00,000. 2011இல் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி தகுதி வயதை 60 ஆகக் குறைத்து, 80 வயதானவர்களுக்கு ரூ.5,00,000 என்ற தனி வரம்பையும் வகுத்தார். வயதை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட சலுகை அதன்பின் தேயத் தொடங்கியது. 2014 முதல் பழைய வரி முறையில் அறுபதைக் கடந்தவருக்கு வரம்பு ரூ.3,00,000, மற்றவருக்கு ரூ.2,50,000. இந்த வேறுபாட்டால் மிச்சமாவது, செஸ் நீங்கலாக, ரூ.2,500 மட்டுமே. எண்பது வயதினரின் ஐந்து லட்சமோ 2011இலிருந்து அசையவே இல்லை.

உண்மையில் கைகொடுத்தவை செலவை ஒட்டிய கழிவுகளே. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான கழிவு 2018இல் முதியோருக்கு ரூ.50,000 ஆனது. காப்பீடு இல்லாத முதியவர் தம் மருத்துவச் செலவையே அதே அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம். வயதைக் காரணம் காட்டி பாலிசி மறுக்கப்பட்டவர்களுக்கு இதுவே பொருளுள்ள ஏற்பாடு. 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு ரூ.10,000 மிச்சம். வங்கி, அஞ்சலக டெபாசிட் வட்டியில் ரூ.50,000 வரையிலான கழிவும் அதே ஆண்டில் வந்தது.

2020இல் அறிமுகமாகி, 2023இல் இயல்புத் தேர்வாக்கப்பட்ட புதிய வரி முறையில் இவை எதுவும் இல்லை. வயது வேறுபாடும் இல்லை. தள்ளுபடியின் காரணமாக 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லாதபோது முதியோருக்குத் தனிக் கழிவு எதற்கு என்பர். பெரும்பாலோருக்கு அது சரியான வாதமே. ஆனால் அந்த எல்லையைத் தாண்டியவருக்கும் அறுவைச் சிகிச்சைச் செலவு வருகிறது. பங்குகளை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. வேண்டுமானால் பழைய முறைக்குப் போகலாமே என்ற பதிலும் நிற்காது: அங்கே பத்து லட்சத்துக்கு மேலேயே 30 சதவீதம், புதிய முறையில் அது 24 லட்சத்துக்கு மேல்தான். மருத்துவக் கழிவுக்காக அங்கே போகிறவர் பெறுவதைவிட இழப்பதே அதிகமாகிவிடும். கழிவுகளைச் சேர்த்தால் புதிய முறையின் எளிமை கெடும் என்பதும் முழு உண்மையன்று, ஓய்வூதியருக்கு ரூ.75,000 நிலையான கழிவு அதில் ஏற்கெனவே இருக்கிறது. வயது வரம்புகள் போனதில் பெரிய நட்டமில்லை. முதியோரின் மருத்துவக் கழிவைப் புதிய முறையிலும் நாடாளுமன்றம் சேர்த்தாக வேண்டும்.